வீதியை அளந்த கோல்: சான் பிரான்சிஸ்கோவின் சைக்கிள் ஆலோசனைக் குழுவும் ஒரு தடையுத்தரவும்

2006-ஆம் ஆண்டு ஜூன் மாதம் தொடங்கி ஏறக்குறைய மூன்றரை ஆண்டுக் காலம், அமெரிக்காவின் மேற்குக் கரையிலுள்ள சான் பிரான்சிஸ்கோ நகர நிர்வாகம், தனக்குச் சொந்தமான நடைபாதையில், தன் சொந்தச் செலவில், சைக்கிளைச் சாத்திப் பூட்டுவதற்கு ஓர் இரும்பு வளைவைக்கூட நட முடியாத நிலையில் இருந்தது. பணமுடையால் நேர்ந்த தடையென்று எண்ண இடமில்லை; மோட்டார்க் கம்பெனிகளின் சூழ்ச்சி என்று சொல்லவும் ஆதாரமில்லை. சுற்றுச்சூழலைப் பாதுகாப்பதற்கென்றே இயற்றப்பட்ட கலிபோர்னியா மாநிலச் சட்டம் ஒன்றின் கீழ் நியாயஸ்தலம் பிறப்பித்த உத்தரவே அந்த நகரத்தின் கையைக் கட்டிப்போட்டது. புகை கக்காத ஒரு வாகனத்துக்குப் பாதை வகுக்கும் காரியம் சூழலின் பெயராலேயே நிறுத்தப்பட்டது என்ற செய்தியைக் கேட்டுப் பலர் சிரித்தார்கள். சிரித்துவிட்டு நகர்ந்துவிடக்கூடிய விஷயமன்று இது என்பது என் அபிப்பிராயம். ஒரு வீதி யாருக்கு என்பதை மேயரோ சபையோ ஆலோசனைக் குழுவோ தீர்மானிப்பதாக நாம் நினைத்துக்கொண்டிருக்க, எந்தக் கோலைக்கொண்டு வீதியை அளக்கிறோமோ அந்தக் கோலே பெரும்பாலும் அதைத் தீர்மானித்துவிடுகிறது என்ற உண்மை, இந்த விவகாரத்தில் வெளிப்பட்டதுபோல் வேறெங்கும் இவ்வளவு துலக்கமாக வெளிப்பட்டதில்லை.

அந்நகரத்தின் சைக்கிள் ஆலோசனைக் குழு 1990-இல் அமைக்கப்பட்டது. நகரமும் கவுன்டியும் ஒன்றேயாக இருக்கும் சான் பிரான்சிஸ்கோவில், நம் மாநகராட்சி மன்றத்தின் ஸ்தானத்தில் இருப்பது மேற்பார்வையாளர் சபை. அதன் அங்கத்தினர் 11 பேரும் ஆளுக்கொருவரை நியமிக்க, 11 பேர் கொண்டதாய் இந்தக் குழு உருவாயிற்று. மாதமொரு முறை நகர மண்டபத்தில் கூடுவது, வீதித் திட்டங்களின் வரைபடங்களை அதிகாரிகள் கொண்டுவந்து விரிக்கக் கேட்டறிவது, பொதுமக்களின் முறையீடுகளுக்குச் செவி கொடுப்பது, இறுதியில் ஒரு தீர்மானம் நிறைவேற்றிச் சபைக்கு அனுப்புவது என்பவையே அதன் கடமைகள். ஒரு கல்லைப் பெயர்க்கவோ ஒரு கோட்டைத் தீட்டவோ அதற்கு அதிகாரம் கிடையாது.

அதிகாரமில்லாவிட்டாலும் விதிமுறைகள் உண்டு. பொதுச் சபைகள் எல்லாம் திறந்த கதவுகளுக்குள்ளேயே நடைபெற வேண்டும் என்று 1953-இல் கலிபோர்னியா இயற்றிய பிரவுன் சட்டம் இத்தகைய ஆலோசனைக் குழுக்களையும் பிணிக்கிறது. கூட்டத்துக்கு 72 மணி நேரத்துக்கு முன்பே நிகழ்ச்சி நிரலை யாவரும் காணும் இடத்தில் ஒட்டிவிட வேண்டும்; நிரலில் இல்லாத பொருளைப்பற்றி முடிவெடுக்கக் கூடாது; வந்திருக்கும் எவரும் எழுந்து பேச வாய்ப்பளிக்க வேண்டும். நேற்றுக் காலை ஒரு சந்திப்பில் ஒருவர் லாரியில் அடிபட்டுச் செத்தார் என்று ஒருவர் வந்து குமுறினாலும், அது நிரலில் இல்லையென்றால், குழுவினர் கேட்டுக்கொள்ளலாமே தவிர, அன்றைக்கே தீர்மானம் போட இயலாது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இரக்கமற்றதாகத் தோன்றும் இந்த ஒழுங்குக்கு ஒரு பயன் உண்டு: நிதானமாகச் சேர்ந்த பதிவேடு ஒன்று மிஞ்சுகிறது. ஆலோசனைக் குழுவின் கைம்முதல் அதைத் தவிர வேறில்லை.

இப்படிப்பட்ட குழுக்கள் அந்த விரிகுடாப் பகுதியின் சின்னஞ்சிறு நகரங்களிலும் காணப்படுவதற்குக் காரணம் ஜனநாயக ஆர்வம் மட்டுமன்று. 1971-இல் இயற்றப்பட்ட போக்குவரத்து வளர்ச்சிச் சட்டத்தின்படி, விற்பனை வரியிலிருந்து ஒதுக்கப்படும் தொகையில் ஒரு சிறு பங்கு நடப்போருக்கும் சைக்கிளோட்டிகளுக்குமான வேலைகளுக்குரியது. அந்தப் பங்கைப் பெற விரும்பும் ஊர், தன் திட்டங்களை ஒரு சைக்கிள் ஆலோசனைக் குழுவின் பார்வைக்கு வைத்தாக வேண்டும் என்பது வட்டாரப் போக்குவரத்து ஆணையத்தின் நிபந்தனை. நிதிக்காகவே குழு அமைத்து, குழு அமைந்த பிறகு அதன் பேச்சைக் கேட்க வேண்டியதாகிவிட்ட ஊர்களும் உண்டு. நோக்கம் எதுவாயினும் நாற்காலி போட்டுவிட்டால் அதில் யாரேனும் வந்து உட்காரத்தானே செய்வார்கள்!

சான் பிரான்சிஸ்கோவின் நாற்காலிக்கோ வேறொரு சங்கடம் வாய்த்தது. 1999-இல் வாக்காளர்கள் நிறைவேற்றிய ஒரு பிரேரணையின் விளைவாக, பஸ்களையும் டிராம்களையும் வீதிப் போக்குவரத்தையும் சேர்த்து ஆளும் போக்குவரத்து நிறுவனம் ஒன்று தோன்றிற்று. மேயரால் நியமிக்கப்படும் எழுவர் கொண்ட இயக்குநர் குழு அதை நடத்துகிறது. வீதியில் எங்கே கோடு போடுவது, எத்தனை கார்களை நிறுத்த அனுமதிப்பது என்பனவெல்லாம் நாளடைவில் இந்த நிறுவனத்தின் வசமாயின. சைக்கிள் குழுவோ முன்போலவே மேற்பார்வையாளர் சபைக்கே ஆலோசனை சொல்லி வந்தது. ஆக, யோசனை போய்ச் சேரும் காது ஓரிடத்திலும் காரியம் செய்யும் கை வேறோரிடத்திலுமாகப் பிரிந்து நின்றன.

இந்நகரத்துச் சைக்கிளோட்டிகளின் கிளர்ச்சி நேற்றுப் பிறந்ததன்று. 1896-ஆம் ஆண்டு ஜூலை 25-ஆம் தேதி, நல்ல வீதி வேண்டுமென்று கோரி, ஆயிரக்கணக்கான சைக்கிளோட்டிகள் விளக்குகளும் அலங்காரங்களுமாக மார்க்கெட் வீதியை நோக்கி ஊர்வலம் போனார்கள். உருண்டைக் கற்கள் பாவிய தளமும், தளத்தினின்று துருத்திக்கொண்டு நின்ற டிராம் தண்டவாளங்களும் அவர்களுடைய முக்கியமான குறைகள். மோட்டார் அந்த வீதிகளை ஆளத் தொடங்குவதற்கு முன்பு, வழுவழுப்பான தார் வீதியைக் கேட்டுப் போராடியவர்கள் சைக்கிளோட்டிகளே. கிடைத்த பிறகு அனுபவித்தவர்கள் வேறு பேர்.

நகரத்தின் அமைப்பையும் சற்று நின்று பார்க்க வேண்டும். மூன்று பக்கமும் நீர் சூழ்ந்த முனையில், குன்றுகளின்மேல் குறுக்கும் நெடுக்குமாகச் சதுரங்கக் கட்டங்களை விரித்தாற்போல் வீதிகளை வகுத்துவிட்டார்கள். மேட்டைக் கண்டு வளைந்து போகாமல் நேரே ஏறும் வீதிகள் அவை. சைக்கிளில் போகிறவர்கள், குன்றுகளுக்கு நடுவே ஒரு காலத்தில் நீரோடை சென்ற தாழ்நிலத்தைத் தாங்களே கண்டுபிடித்துக்கொண்டார்கள். டியூபோஸ் வீதியில் நுழைந்து, ஸ்டைனரில் திரும்பி, வாலர், பியர்ஸ், ஹெயிட், ஸ்காட் என்று ஒவ்வொரு வீதியிலும் கொஞ்ச தூரமே ஓடி, ஃபெல் வீதி வழியாகக் கோல்டன் கேட் பூங்காவை அடையும் இந்த நெளிவுப் பாதைக்கு விக்கிள் என்று பெயர். எந்தத் திட்டக் குழுவும் வகுத்துத் தராத பாதை. தொடைகள் வகுத்த பாதை என்று சொல்லலாம். நகரம் பிற்பாடு செய்ததெல்லாம் அதன்மீது அடையாளப் பலகை நட்டதும் வர்ணம் பூசியதுந்தான்.

விபத்துகளின் தன்மையும் இவ்வூருக்கென்று தனியாக அமைந்திருக்கிறது. தண்டவாளத்தின் பள்ளத்தில் முன்சக்கரம் சிக்கினால் ஆள் தலைகுப்புற விழுவார். ஏறக்குறைய செங்குத்தாகக் கடந்தால்தான் தப்பலாம். அதைவிடப் பெரிய அபாயம், ஓரத்தில் நிற்கும் காரின் கதவு. காருக்குள் இருப்பவர் பின்னால் பாராமல் கதவைத் திறக்க, அதே கணத்தில் அருகே வரும் சைக்கிளோட்டி அதில் மோதி வீதியின் நடுவே எறியப்படுகிறார். 2004-இல் நகரம் நடத்துவித்த ஓர் ஆராய்ச்சி இந்த அபாயத்தை அங்குலக் கணக்கில் அளந்தது. ஓரக் கல்லிலிருந்து, திறந்த கதவின் விளிம்பு எவ்வளவு தூரம் நீள்கிறது என்று பார்த்ததில், 100-க்கு 85 கதவுகள் 9 அடி 6 அங்குலத்துக்குள் அடங்கின. அதனோடு 6 அங்குலம் இடைவெளியும், கைப்பிடியின் பாதி அகலமாக 1 அடியும் கூட்டினால் 11 அடி. அந்தப் பதினொன்றாவது அடியில், சைக்கிள் உருவமும் அதற்குமேல் இரட்டை அம்பு முனையும் கொண்ட ஒரு குறியை வீதியில் தீட்டினார்கள். தீட்டிய பிறகு, சைக்கிளோட்டிகள் நிறுத்தப்பட்ட கார்களினின்றும் சுமார் 8 அங்குலம் விலகி ஓட்டுவதும், பின்னால் வந்து முந்தும் கார்கள் முன்னைக் காட்டிலும் 2 அடிக்கு மேல் தள்ளிப் போவதும் புலனாயிற்று. ஒரு வாளி வர்ணத்தில் விளைந்த பலன் இது. மறு வருஷமே கலிபோர்னியா இக்குறியை ஏற்றது. 2009-இல் தேசிய வீதிக்குறி விதிநூலிலும் அது இடம்பெற்றது. தடுப்பு வைத்த தனிப்பாதைக்கு அது ஈடாகாது என்று பின்னால் வந்தவர்கள் குறை சொன்னதும் நியாயமே. ஆனால் கதவு எவ்வளவு தூரம் திறக்கிறது என்று அளக்கத் துணிந்த அந்தப் புத்தியை நான் மதிக்கிறேன்.

இனி, அளவுகோலின் விஷயத்துக்கு வருவோம். அமெரிக்க நெடுஞ்சாலைப் பொறியாளர்களின் கைந்நூல் ஒன்று உண்டு. வீதிகளின் கொள்ளளவைக் கணிக்கும் அந்நூலின் 1965-ஆம் ஆண்டுப் பதிப்பில், சேவைத் தரம் என்றொரு மதிப்பீட்டு முறை புகுத்தப்பட்டது. பள்ளிக்கூடத்து மதிப்பெண்களைப்போல் ஏ முதல் எஃப் வரை ஆறு தரங்கள். போக்குவரத்து விளக்கு உள்ள சந்திப்பில், ஒரு வாகனம் சராசரியாக 10 விநாடிக்கு மேல் தாமதிக்காவிட்டால் ஏ. 80 விநாடிக்கு மேல் நின்றால் எஃப். இதற்குமேல் நுணுக்கம் ஏதும் இல்லை. எண்ணப்படுவது வாகனம், அதுவும் நெரிசல் மிகுந்த வேளையில். உள்ளே இருப்பவர்கள் எத்தனை பேர் என்ற கேள்வியே எழுவதில்லை. அறுபது பேரை ஏற்றி வந்த பஸ் ஒன்று, ஒரே ஆள் ஓட்டி வந்த கார் ஒன்று. கல்யாண வீட்டில் விருந்தினரை எண்ணாமல், வாசலில் வந்து நின்ற வண்டிகளை எண்ணி உலை வைப்பதுபோன்ற காரியம்.

நெடுஞ்சாலையில் பிறந்த இந்தக் கோல் நகரத்துக்குள் எப்படி வந்தது? 1970-இல் கலிபோர்னியா தன் சுற்றுச்சூழல் தரச் சட்டத்தை இயற்றியது. அப்போது மாநில ஆளுநராயிருந்து அதில் கையெழுத்திட்டவர் ரொனால்டு ரீகன். எந்த அரசாங்கக் காரியமும் சூழலுக்குக் கணிசமான கேடு விளைவிக்கக்கூடுமானால், அதை முன்கூட்டியே ஆராய்ந்து அறிக்கையாக வெளியிட வேண்டும் என்பது அச்சட்டத்தின் சாரம். போக்குவரத்தால் விளையும் கேட்டை எதைக்கொண்டு அளப்பது என்ற கேள்வி எழுந்தபோது, கைக்கெட்டிய கோலாகச் சேவைத் தரம் இருந்தது, எடுத்துக்கொண்டார்கள். இதன்படி, சான் பிரான்சிஸ்கோவில் ஒரு சந்திப்பு டி என்ற தரத்திலிருந்து ஈ ஆகவோ எஃப் ஆகவோ தாழ்ந்தால், அது சூழலுக்கு நேர்ந்த கணிசமான கேடு என்று கணக்காகும். காருக்கு இரண்டு தடமாக இருந்த வீதியில் ஒன்றை எடுத்துச் சைக்கிளுக்குக் கொடுத்தால் கார்கள் சற்று அதிகம் நிற்கும். நின்றால் தரம் தாழும். தாழ்ந்தால் சூழல் கெட்டது. அதே வீதியை அகலப்படுத்தி, கார்களை விரைந்து ஓடச் செய்தால் சூழல் செழித்தது! பொதுப் போக்குவரத்துக்கே முதலிடம் என்ற கொள்கையை 1973-லேயே சபையில் நிறைவேற்றி வைத்திருந்த நகரம், கொள்கைக்கு நேர்மாறான கோலைக் கையில் பிடித்துக்கொண்டு முப்பது வருஷத்துக்கு மேல் குடித்தனம் நடத்தியது.

நகரத்தின் முதல் விரிவான சைக்கிள் திட்டம் 1997-இல் வெளியாயிற்று. 1999-இல் வலென்சியா வீதியின் நான்கு தடங்களை இரண்டாகக் குறைத்து, நடுவே திரும்புவதற்கொரு தடமும் இரு ஓரங்களில் சைக்கிள் பாதைகளும் அமைத்துப் பார்த்தார்கள். ஓராண்டில், மாலை நெரிசல் வேளையில் அங்கே செல்லும் சைக்கிள்கள் 144 சதவீதம் பெருகின. இந்த வெற்றியின் உற்சாகத்தில் திட்டத்தைப் புதுப்பித்து, 2005-இல் மேற்பார்வையாளர் சபை ஏகமனதாக அங்கீகரித்தது. கொள்கைகளை ஒரு பாகமாகவும், எந்தெந்த வீதியில் என்னென்ன வேலை என்ற பட்டியலை மற்றொரு பாகமாகவும் பிரித்து, இதனால் சூழலுக்குக் கேடு வரச் சாத்தியமே இல்லையென்பது சாதாரண அறிவுக்கு எட்டியதுதானே என்ற வாதத்தின் மேல், நகரம் முழு ஆய்வைத் தவிர்த்துவிட்டது. போதிய ஆய்வுக்கான கூட்டணி என்ற பெயரில் நகரவாசிகள் சிலர் வழக்குத் தொடுத்தார்கள். மாநில நியாயஸ்தலம் 2006 ஜூனில் இடைக்காலத் தடை விதித்தது; அதே வருஷம் நவம்பரில் நீதிபதி பீட்டர் புஷ் நகரத்துக்கு எதிராகவே தீர்ப்பும் கூறினார். தடமும் நிறுத்துமிடமும் பறிபோகக்கூடிய திட்டத்தால் கேடு வரவே வராது என்று ஆராயாமல் சொல்ல முடியாது; ஒரே திட்டத்தை இரண்டு பாகமாகப் பிரித்துக் காட்டி ஆய்விலிருந்து தப்பவும் முடியாது என்பதே தீர்ப்பின் கருத்து.

நீதிபதியைப் பழித்தவர்கள் உண்டு. என்னால் அவர்களோடு சேர முடியவில்லை. சட்டத்தின் வாசகத்தையும், அதை அளக்க நகரமே ஒப்புக்கொண்டிருந்த கோலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், அவர் வேறு விதமாகத் தீர்ப்பளித்திருக்க இயலாது என்றே படுகிறது. வழக்காடியவர்களின் நோக்கம் எப்படியிருப்பினும், நகரம் தன் வசதிக்காகக் குறுக்கு வழி தேடியது என்ற குற்றச்சாட்டும் பொய்யன்று. பிழை ஆள்களிடத்தில் இருந்ததைக் காட்டிலும் கோலில் இருந்தது. அந்தக் கோலை மாற்ற வேண்டுமென்ற யோசனையை நகரத்தின் போக்குவரத்து ஆணையம் 2003-லேயே ஆராய்ந்து பார்த்தும், அவசரமென்று எவருக்கும் தோன்றவில்லை.

பிறகு நடந்தது காகித யாகம். ஆயிரம் பக்கங்களுக்கும் மேற்பட்ட அறிக்கை எழுதப்பட்டது. செலவு பத்து லட்சம் டாலரைத் தாண்டிற்று. சந்திப்பு சந்திப்பாக விநாடிகள் கணக்கிடப்பட்டன. 2009 ஜூன் இறுதியில் திட்டக் கமிஷன் அறிக்கைக்குச் சான்றளிக்க, மறுநாளே போக்குவரத்து நிறுவனம் 45 வேலைகளுக்கு ஒப்புதல் தந்தது. ஏற்கெனவே இருந்த 45 மைல் சைக்கிள் பாதைகளோடு 34 மைல் சேர்ப்பது என்று முடிவாயிற்று. அதே ஆண்டு நவம்பரில் தடை ஓரளவு தளர்ந்தது. 2010 ஆகஸ்டில் முற்றும் நீங்கிற்று.

இடைப்பட்ட காலத்தில் குழு என்ன செய்தது என்று கேட்கலாம். வீதியில் ஒரு கோடும் மாற முடியாத காலத்திலும் சைக்கிளோட்டிகளை எண்ணும் வேலைக்குத் தடையேதும் இருக்கவில்லை. நகரத்தின் கணக்கெடுப்பில், 2006-க்கும் 2009-க்கும் இடையே சைக்கிளில் செல்வோர் தொகை 53 சதவீதம் உயர்ந்திருந்தது. 2008-இல் பெட்ரோல் விலை ஏறியதும் இதற்கொரு காரணமாயிருக்கலாம். எப்படியும், பாதை போட்டால்தான் ஆள் வருவான் என்ற வாதமும், ஆள் வந்தால் பாதை போடுவோம் என்ற எதிர்வாதமும் ஒருங்கே இடறி விழுந்த எண் அது. சைக்கிள் குழுக்களைப் பற்றிய ஒரு பொதுவான குறையையும் இங்கே சொல்லிவிடுகிறேன்: வரைபடம் முடிந்த பிறகே பெரும்பாலான திட்டங்கள் அவற்றின் முன்னால் வருகின்றன. தீயணைப்பு வண்டி போவதற்கு 20 அடி வெளி வேண்டுமென்ற விதியைக் காட்டித் தீயணைப்புத் துறையும், பஸ் திரும்ப இடம் வேண்டுமென்று போக்குவரத்துப் பகுதியும், கடை வாசலில் சரக்கு இறக்க வேண்டுமென்று வியாபாரிகளும் தத்தம் பங்கைக் கேட்டு வாங்கிக்கொண்டபின், எஞ்சிய அடிகளைப்பற்றி ஆலோசனை கூறுமாறு குழு அழைக்கப்படுகிறது.

கோல் கடைசியில் மாறிற்று. 2013 செப்டம்பரில் ஆளுநர் ஜெரி பிரவுன் கையெழுத்திட்ட 743-ஆம் எண் மசோதா, கார்களின் தாமதத்தைச் சூழல் கேடாகக் கருதும் வழக்கத்துக்கு முற்றுப்புள்ளி வைக்க வழி செய்தது. ஒரு திட்டத்தால் கார்கள் மொத்தம் எத்தனை மைல் கூடுதலாக ஓடும் என்பதே இனிக் கேள்வி. சான் பிரான்சிஸ்கோவின் திட்டக் கமிஷன் 2016 மார்ச்சில் புதிய கோலை ஏற்றது. மாநிலம் முழுவதற்கும் 2020 ஜூலை முதல் அது கட்டாயமாயிற்று. சைக்கிள் பாதையால் கார் மைல்கள் கூடப்போவதில்லையாகையால், நான்கு வருஷம் நகரத்தை நிறுத்தி வைத்த கேள்வி ஒரே எழுதுகோல் வீச்சில் மறைந்தது.

இதனால் சச்சரவு ஓய்ந்துவிட்டதென்று எண்ண வேண்டாம். வலென்சியா வீதியை மறுபடி எடுத்துக்கொள்வோம். 2023-இல் சைக்கிள் பாதையை வீதியின் நடுவுக்குக் கொண்டுபோய்ப் பரிசோதித்தார்கள். ஓரத்தில் கதவும் சரக்கு வண்டியும் செய்யும் தொல்லை ஒழியும் என்பது எதிர்பார்ப்பு. கடைக்காரர்கள் வியாபாரம் படுத்துவிட்டதென்றார்கள். சைக்கிளோட்டிகளிலேயே ஒரு சாரார், நடுவில் மாட்டிக்கொண்டால் கடைக்குத் திரும்புவதெப்படி என்று கேட்டார்கள். மறு வருஷமே பாதையைத் திரும்பவும் ஓரங்களுக்கு மாற்ற முடிவாயிற்று. சட்டம் தடுக்காத இடத்தில் ஊர் வாதிட்டு, செய்து பார்த்து, திருத்திக்கொண்டது. 2006-ஐ நினைத்துப் பார்க்கும்போது இதை நான் முன்னேற்றம் என்றே கருதுவேன்.

தீராத கணக்கொன்று மிஞ்சியிருக்கிறது. பத்தாண்டுக்குள் வீதி மரணமே இல்லாத நகரமாக்குவோம் என்று 2014-இல் சங்கற்பம் செய்துகொண்ட சான் பிரான்சிஸ்கோவில், கெடு வைத்த 2024-ஆம் ஆண்டில் 40 பேருக்கு மேல் வீதியில் மாண்டார்கள். எந்த வீதிகளைத் திருத்துவது என்று தேர்ந்தெடுக்கப் பல காலம் ஆதாரமாயிருந்தது போலீஸ் பதிவு. ஆஸ்பத்திரிக்கு வந்த காயக்காரர்களின் பதிவோடு நகரத்தின் பொதுச் சுகாதாரத் துறை அதை ஒப்பிட்டபோது, போலீஸ் ஏட்டில் காணாதவர்கள் பலர் வெளிப்பட்டார்கள். அதன்பின் இரண்டு பதிவுகளையும் இணைத்தே அபாய வீதிகளின் வரைபடத்தைத் தயாரிக்கிறார்கள். தண்டவாளத்தில் சக்கரம் சிக்கி விழுந்தவரை இடித்த வண்டியென்று எதுவும் இல்லை. குற்றவாளி இல்லாத இடத்துக்குப் போலீஸ் வருவது அபூர்வம். அவர் தாமே எழுந்து, ரத்தத்தைத் துடைத்துக்கொண்டு, அடுத்த பஸ்ஸில் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்கிறார். 1896-இல் ஊர்வலம் வந்தவர்கள் எழுப்பிய முறையீடுகளில் ஒன்றாகிய தண்டவாளம், நகரத்தின் விபத்துக் கணக்கில் உரிய இடத்தைப் பெறுவதற்கு ஆஸ்பத்திரியின் பதிவேடு போலீஸ் ஏட்டுடன் சேரும்வரை காத்திருக்க நேர்ந்தது.